முதுகில் ஒரு நாற்காலி

இத்தனை வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளிடம் போய், இனிமேல் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? நான் ஆனேன். எல்லோரும் பார்க்கும்படியாகவே ஆனேன்.

என் பெயர் மார்லிஸ் ஹக்காலா. மினசோட்டாவின் வடகோடியில், எங்கள் சுரங்க ஊரில், என் குரலைக் கேட்காத குழந்தையே கிடையாது. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே, உட்கார், கையை உள்ளே எடு, அவன் தொப்பியைத் திருப்பிக் கொடு என்று சொல்லிச் சொல்லி, வேறு மாதிரி பேசவே எனக்கு மறந்துவிட்டது. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே நாய் உட்கார்ந்துவிடும். என் கணவரும் பல சமயம் உட்கார்ந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஓர் ஆசை. என் பேருந்து தினமும் ஸ்பூன் ஏரியின் படகுத்துறையைத் தாண்டித்தான் போகும். கோடை வந்தால் எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் அங்கே படகை இறக்கி, துடுப்பு போட்டு, ஏரி ஏரியாகக் கனடா எல்லை வரைக்கும் போய்விட்டு, மூக்குத் தோல் உரிந்து சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் முதல் ஏரியைத் தாண்டியதில்லை. முதலில் கைக்குழந்தை, பிறகு வேலை, பிறகு மாமியார். அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்காமல் நான் போனதே இல்லை. எனக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் வேண்டும் என்பது போல வேண்டும்.

அந்த ஆசைக்கு வழி திறந்தது ஏழு பிள்ளைகளால். எங்கள் ஊரில் விடலைப் பிள்ளைகள் தாங்களே நடத்தும் ஒரு சாகசக் குழு இருக்கிறது. எங்கே போவது, என்ன சமைப்பது, யார் தலைமை, எல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். பெரியவர்கள் கூடப் போகலாம், ஆனால் ஆலோசகர்கள்தான். கேட்டால் யோசனை சொல்லலாம், கேட்காவிட்டால் காபி குடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பழைய ஆலோசகத் தம்பதி முழங்கால் வலி தாங்காமல் அரிசோனா பக்கம் குடிபோய்விட்டார்கள். ஜூனில் பிள்ளைகள் எல்லை வரைக்கும் போகத் திட்டம் போட்டிருந்தார்கள். பயிற்சி முடித்த இரண்டு பெரியவர்கள், அதிலும் ஒருத்தர் பெண், கூட வராவிட்டால் பயணம் கிடையாது என்பது மேலிடத்து விதி. ஆண் பக்கத்துக்கு டுவேன் பெர்பிச் கிடைத்தான். சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், கதவில் குனிந்து நுழைகிற ஆள். பெண் பக்கத்துக்கு என்னைத் தவிர வேறு யாரும் கை தூக்கவில்லை.

மற்ற ஊர்களில் இந்தப் பயிற்சியைப் பெரியவர்களே பெரியவர்களுக்குக் கொடுத்து, சான்றிதழ் நீட்டி, கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் வழக்கம் வேறு. பிள்ளைகள்தான் பயிற்சி கொடுப்பார்கள், தேறியதா இல்லையா என்று சொல்வது குழுத் தலைவி. அந்தத் தலைவி யார் தெரியுமா? சிக்னி ராவ்ட்டியோ. பாலர் வகுப்பிலிருந்து என் பேருந்தில் வந்தவள். பன்னிரண்டு வருஷமாக நான் உட்கார வைத்தவள்.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, படகுத்துறையில் அவள் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு இரும்பு மடக்கு நாற்காலியைக் கொடுத்தாள். அதை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். நானும் டுவேனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"விதி ரொம்பச் சுலபம்," என்றாள் சிக்னி. "நீங்க எங்களுக்கு உத்தரவு போடக் கூடாது. போட்டீங்கன்னா நின்ன எடத்துலயே நாற்காலிய விரிச்சு உக்காந்துடணும். எங்கள்ல யாராவது வந்து உங்ககிட்ட ஏதாவது கேட்டாத்தான் எந்திரிக்கலாம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் கத்தலாம். கத்தலாம்னு இல்ல, கத்தியே ஆகணும்."

ஒன்றுமில்லை, இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம், "எய்னோ, ஷூ லேஸைக் கட்டுப்பா, தடுக்கி விழுந்துடப் போற," என்றேன். பயிற்சி ஆரம்பித்து ஒரு வாய் காபிகூட உள்ளே போகவில்லை. வண்டிகள் நிறுத்தும் இடத்தின் நட்டநடுவே நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே, "அந்தப் படகை இப்படியா தூக்குறது, முன்பக்கத்தைப் பிடி," என்று இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவனும் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்தான்.

எய்னோவுக்குப் பதினைந்து வயது. குழுவின் சமையல்காரன். அவன் ஒரு டப்பா நிறைய இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டி கொண்டுவந்திருந்தான், இன்னும் சூடு ஆறவில்லை. டுவேனிடம் நீட்டினான். டுவேன் எங்கள் ஊர் வழக்கப்படி, வேண்டாம்ப்பா, பரவாயில்லை என்றான். எங்கள் பக்கம் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை கேட்டால்தான் சரி, நீ இவ்வளவு சொல்வதால் என்று எடுத்துக்கொள்வோம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். ஆனால் எய்னோ டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டான். டுவேனின் கண்கள் அந்தப் பையோடு போயின.

"இங்க ஒரு தடவதான் கேப்போம்," என்றாள் சிக்னி. "மூணு தடவ கேட்டுட்டு இருந்தா ஒரு ஏரியக்கூடத் தாண்ட முடியாது. நீங்க சொல்றதுதான் உங்க பதில்."

இந்தத் தலைமுறைக்கு மரியாதை தெரியவில்லை என்று டுவேன் என் காதருகே முணுமுணுத்தான். எய்னோ எங்களைப் பார்த்துக்கொண்டே தனக்கென்று எடுத்து வைத்திருந்த ரொட்டியைக் கடித்தான்.

அன்றைக்கு முழுதும் நான் உட்கார்ந்த இடங்களைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் இப்போது வருகிறது. படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடக்கும் பாதையில், கணுக்கால் ஆழச் சேற்றில் உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. பாறை மேல் உட்கார்ந்தேன். கொசு மொய்க்கும் புதருக்குள் உட்கார்ந்தேன். கேள்வியாகத்தானே கேட்க வேண்டும் என்று தந்திரமாக, "கூடாரத்தை அந்த மேட்டில் போட்டால் நல்லாயிருக்காதா?" என்று கேட்டேன். அதற்கும் உட்கார வைத்தார்கள். வால் கேள்விக்குறியாக இருந்தாலும் தலை உத்தரவுதானாம். டுவேன் பாவம், பயந்துபோய் மத்தியானத்துக்கு மேல் வாயையே திறக்கவில்லை. அதுவும் தப்பாம். பேசாத ஆலோசகருக்கும் பைன் மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எய்னோ கேட்டான். பைன் மரம் ரொட்டிக்கு ஏங்காது என்றான் டுவேன். அன்றைக்கு அவன் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

சாயங்காலம் எய்னோ காட்டரிசியும் கோழியும் காளானும் போட்டுச் சமைத்தான். உப்பு என்று நினைத்து அவன் சர்க்கரையை அள்ளிப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். டேய் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்து அதை விழுங்கினேன். தட்டை என்னிடம் நீட்டியபோது முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டேன். எப்படி இருக்கிறது என்று ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். "வித்தியாசமா இருக்கு," என்றேன். எங்கள் ஊரில் சாப்பாட்டைப் பற்றி அதைவிட மோசமாக ஒருவர் சொல்ல முடியாது. அப்புறம் எல்லாரும் சிரித்த சிரிப்பில் ஏரிக்கு நடுவே மிதந்துகொண்டிருந்த லூன் பறவைகள் முங்கிக்கொண்டன. எய்னோ ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அடுத்த தடவை எப்படித் தவிர்க்கலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். டப்பாவில் பெயர் எழுதுவேன் என்றான். சிக்னி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பதினேழு வயசுக்காரியிடம் தலையாட்டல் வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

படுக்கப் போகுமுன் அவள் சொன்னாள், இன்றைக்கு உட்கார்ந்ததையெல்லாம் கணக்கில் எடுக்கப் போவதில்லை, நாளைக்குத் திரும்பும் வழியில் எப்படி இருக்கிறோம் என்று பார்த்துத்தான் முடிவு என்று. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஓர் உத்தரவு வாயிலிருந்து வழுக்கினால் போதும், ஏழு பிள்ளைகளின் பயணமும் போயிற்று, நான் மறுபடியும் பேருந்து ஜன்னல் வழியாகவே அந்தத் துறையைப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் ஞாயிறு காலை நான் எழுந்ததே கேள்விக்குறியாகத்தான். நல்லா தூங்கினீங்களா, காபி வைக்கிறது பற்றி என்ன நினைக்கிறீங்க, எந்த வழியா போகலாம்னு இருக்கீங்க? டுவேனும் அதே கதி. இரண்டு பேரும் உத்தரவு போடும் நரம்பையே பிடுங்கிப் போட்டுவிட்டோம். சிக்னி தேர்ந்தெடுத்த வழியில், பெரிய ஏரியின் நடுவில் மூன்று படகுகளாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரே படகில் அவள் பின்னால், நான் முன்னால். அப்போது மேற்கே மரங்களுக்கு மேல் ஒரு கருமை எழும்பியது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் எங்கேயோ உறுமியது.

என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இடி கேட்டால் தண்ணீரில் இருக்கக் கூடாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், திரும்பினேன், வாயைத் திறந்தேன்.

"சிக்னி, மேக்கால கேட்டுச்சே, அந்தச் சத்தம் என்னவா இருக்கும்னு உனக்குத் தோணுது?"

பக்கத்துப் படகிலிருந்து டுவேன், சர்ச்சில் பேசுவது போல அவ்வளவு மென்மையாக, "எய்னோ, ஏரிக்கு நடுவுல முதுகுல இரும்பு நாற்காலியோட உக்காந்திருக்கிறதப் பத்தி உன்னோட அபிப்பிராயம் என்னப்பா?" என்றான்.

சிக்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துடுப்பை ஆழமாகப் போட்டு, எல்லாரும் கரைக்கு, இப்பவே என்று கத்தினாள். போனோம், என்ன வேகம். கரை ஏறியதும் நாற்காலிகளைத் தூரமாகக் கழற்றி எறியச் சொன்னாள், படகுகளைக் கவிழ்க்கச் சொன்னாள், குட்டை மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிக் குந்தச் சொன்னாள். நாங்கள் இருவரும் சொன்னதையெல்லாம் செய்தோம். மழை கொட்டியது. ஏரி வெள்ளையாகக் கொதித்தது.

கொட்டுகிற மழையில், ஒரு மரத்தடியிலிருந்து எய்னோவின் குரல் கேட்டது. "இரும்பு நாற்காலி பத்தி என்னோட அபிப்பிராயம் என்னன்னா," என்று ஆரம்பித்தான், முடிக்க முடியவில்லை. அடுத்த மரத்தில் சிரிப்பு பற்றியது, அதற்கடுத்த மரத்துக்குத் தாவியது. டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். கண்ணீரா மழையா என்று தெரியவில்லை. சிக்னி மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் தேறவில்லை.

மழை விட்டு, கடைசி இடிக்குப் பிறகு நெடுநேரம் காத்திருந்து, பிள்ளைகள் படகுகளை நிமிர்த்த ஆரம்பித்தபோது அவள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஒரு விஷயத்துக்காகப் பெரியவங்க கூட வரணும்னு விதி சொல்லுதோ, அந்த ஒண்ணுலதான் ரெண்டு பேரும் கோட்டை விட்டீங்க," என்றாள். "பாஸ் போடலன்னா எங்களுக்குப் பயணம் இல்ல. போட்டா அது பொய். நான் என்ன செய்யட்டும் மார்லிஸ்?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் யோசனை கேட்கிறாள். கேட்டால் சொல்லலாம் என்பது விதி. பாஸ் போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளும் அதற்குத்தான் பாதி மனசோடு காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாய் ஊறியது என்றே சொல்வேன். ஆனால் அந்த ஈர முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"அடுத்த தடவ ஆபத்து வந்தா நான் கத்துவேனா மாட்டேனா, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா?"

அவள் ஒரு குச்சியால் மணலைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். பிறகு எழுந்து பிள்ளைகளிடம் போனாள். ஏழு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன, நிமிர்ந்தன. நான் நாற்காலியைத் தேடி எடுத்து மறுபடியும் முதுகில் கட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்ற துக்கத்தோடு சாமான்களை ஏற்ற உதவினேன்.

தற்செயலாகத் திரும்பினேன். எய்னோ படகில் தனியாக இருந்தான். படகு கரையை விட்டு விலகியிருந்தது. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். மிதவை அங்கியைக் காணோம், அது கரையில் ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. பனி உருகி மாதம்கூட ஆகாத தண்ணீர். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"எய்னோ, உக்காரு!"

அது என் பேருந்துக் குரல். கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி பல வருஷம் பழக்கிய குரல். ஏரியின் அக்கரை வரைக்கும் போய் மோதி, உக்காரு, க்காரு என்று திரும்பி வந்தது. எய்னோ பொத்தென்று உட்கார்ந்தான். அவன் மட்டுமா? கரையில் நின்ற ஆறு பிள்ளைகளும், கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். சிக்னியும் உட்கார்ந்திருந்தாள். டுவேன்கூட ஒரு பாறையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான். நான் மேலே என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, அங்கியைப் போடு, படகின் விளிம்பைப் பிடி, அசையாதே என்று என்னவெல்லாமோ. தண்ணீருக்குள் இறங்கி நடந்து அவன் படகைப் பிடித்தபோதுதான் அங்கே முழங்கால் ஆழம்கூட இல்லை என்றும், ஏழு தலைகளும் ஒன்றாகக் குனிந்தது இதற்குத்தான் என்றும் தெரிந்தது.

எய்னோ என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "பழக்கதோஷம், தானா உக்காந்துட்டேன்," என்றான்.

அவன் காதைத் திருகலாமா என்று இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றும் இருந்தது. உத்தரவு போட்டுவிட்டோமே என்ற பயத்தில் கை தானாக முதுகு நாற்காலிக்குப் போயிற்று. சிக்னி பின்பக்கச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்து, இதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் இருவரையும் வரிசையாக நிற்க வைத்தாள். எய்னோ அங்கியில்லாமல் படகோடு விலகுவதைப் பார்த்ததும் டுவேனும் பாறையிலிருந்து ஓடிவரப் பார்த்ததாகவும், என் குரல்தான் அவனை உட்கார வைத்துவிட்டதாகவும் பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள். ஜூனில் எங்களோடு வருகிறீர்களா என்று அவனைக் கேட்டாள். ரொட்டியில் பாடம் படித்தவன், கேட்டு வாய் மூடுமுன் வருகிறேன் என்றான். அடுத்து என் பக்கம் திரும்பினாள்.

"மார்லிஸ், ஜூன்ல எங்களோட வர்றீங்களா?"

நெஞ்சு அப்படியே பொங்கியது. என் அம்மா, என் அத்தை, எங்கள் சர்ச்சின் காபி மேசை, எங்கள் ஊர் மொத்தமும் என் வாய் வழியாகப் பதில் சொல்லிற்று.

"ஐயோ, பரவாயில்லம்மா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

சொல்லிவிட்டு, முகம் நிறையச் சிரிப்போடு இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்து நின்றேன். சிக்னியின் முகம் வாடியது. சரி என்று மட்டும் சொன்னாள். திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பைகளைத் தூக்கினார்கள். டுவேன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு தடவைதான் கேட்பார்கள், நீங்கள் சொல்வதுதான் உங்கள் பதில்.

"சிக்னி, நில்லு. இன்னொரு தடவ கேளு."

எல்லாரும் நின்றார்கள். உத்தரவு. ஒன்றல்ல, இரண்டு. இதில் யார் உயிருக்கும் ஆபத்தில்லை, என் உயிரைத் தவிர. யாரும் எனக்கு விதியை நினைவுபடுத்தத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே, தண்ணீரின் ஓரத்தில், நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். ஷூவுக்குள் ஏரி வந்து வந்து போயிற்று. அவர்களில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்காமல் நான் எழுந்திருக்க முடியாது. அது அவர்கள் போட்ட விதி.

பாவிகள், நன்றாகவே காக்க வைத்தார்கள். எய்னோ மிச்சமிருந்த கடைசி ரொட்டியை எடுத்து, சுருள் சுருளாகப் பிரித்து, நிதானமாகத் தின்று முடித்தான். பிறகு சிக்னி திரும்பி வந்தாள். தண்ணீரைப் பொருட்படுத்தாமல் என் நாற்காலிக்கு முன்னால் குந்தினாள்.

"மார்லிஸ்," என்றாள், "ஜூன்ல எங்களோட—"

"வர்றேன்," என்றேன்.